ஐயா பொருளாளரே, இப்பிடி வந்து உக்காரு

ஏண்டா பேராண்டி, நாப்பத்திரண்டு பேருக்குக் கடுதாசி போட்டியாம், ஒம்போது பேரு பதில் எழுதினாங்களாம், ரெண்டு பேரு பணம் கட்டினாங்களாம். ஒங்கப்பன் போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நான்தான் அவன அதட்டினன். படிச்சவங்க சங்கத்துல நாப்பத்திரண்டுக்கு ரெண்டுன்னா அது நல்ல பாடுடா, நீ இன்னாத்தக் கண்டேன்னு கேட்டன்.

எக்கியார்குப்பத்துல பொறந்து ஒரு வரலாற்றுக் கழகத்துக்குப் பொருளாளரு ஆயிருக்க. பெருமையாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பதவி ஒனக்கு எப்பிடி வந்துச்சின்னு யோசிச்சியா? தலைவருக்கு நாலு பேரு நின்னாங்க, செயலாளருக்கு மூணு பேரு. பொருளாளருன்னு கேட்டதும் அத்தினி பேரும் மேல ஃபேனப் பாத்தாங்க. நீ டீ சொல்ல வெளிய போயிருந்த. திரும்பி வந்தா கை தட்டுறாங்க. நீயும் பாவம், கும்புட்டுட்ட.

சரி, அந்தக் கடுதாசிக் கட்டக் குடு. கண்ணாடிய மாட்டிக்கறன்.

'பேரன்பும் பெருமதிப்பும் மிக்க ஐயா, தங்களின் மேலான கவனத்திற்கு ஒன்றைப் பணிவுடன் கொண்டுவர விழைகிறேன்.' விழையறியா? விழை. அப்பறம் சங்கத்தோட பெருமை ஒரு பக்கம், அவரு பெருமை ஒரு பக்கம். சந்தாங்கிற சொல்லு ரெண்டாம் பக்கத்து அடியிலதான் தல காட்டுது. எவ்ளோ ரூபான்னு எங்கயும் காணம். எந்த வருசத்துக்குன்னும் காணம். 'தங்களுக்கு வசதியான பொழுதில்'னு முடிச்சிருக்க. அவருக்கு வசதியான பொழுது பணம் கட்டாத பொழுதுதாண்டா, அதத்தான் மூணு வருசமா அனுபவிச்சினு இருக்காரு.

பதிலுங்களப் பாத்தா இன்னும் ருசி. ஒரு பேராசிரியரு ஒன் கடுதாசியில இருந்த ஏழு ஒற்றுப்பிழைய செவப்பு மையில திருத்தி அப்பிடியே திருப்பி அனுப்பிட்டாரு. அவருகிட்ட 900 ரூபா பாக்கி. இன்னொருத்தரு சங்கம் தொடங்கின கதைய எட்டுப் பக்கம் எழுதி, 'இதழில் வெளியிடலாம்'னு கீழ குறிப்பு வேற போட்டிருக்காரு. ஒருத்தரு போன வருசமே காசோலை அனுப்பிட்டாராம், நம்பரு மட்டும் ஞாபகத்துல இல்லியாம். பேரனப் பாக்க அமெரிக்கா போயிருக்கேன், வந்து கட்டறேன்னு ஒருத்தரு. அமெரிக்காவுலேர்ந்து பதில் எழுதத் தெரியுது, போன்லயே பணம் போடத் தெரியல.

நீ ஒடஞ்சி போவாத. இது ஒன் சங்கத்து வியாதி இல்ல, சங்கம்னு ஒண்ணு தோணின நாள்லேர்ந்து கூடவே வர்ற வியாதி. கண்ணு நல்லாருந்த காலத்துல நூலகத்துல கெடந்தவன் நான், ஊரு வரிக் கணக்கும் எழுதினவன். ரெண்டையும் சேத்துச் சொல்றன், கேளு.

லண்டன்ல ராயல் சொசைட்டின்னு ஒண்ணு இருக்குது இல்ல, அது 1660 நவம்பர்ல தொடங்கினது. பன்னெண்டு பேரு கூடி உக்காந்தாங்க. அன்னிக்கே பேசி வச்சிட்டாங்க: சேர்றப்ப 10 ஷில்லிங், அப்பறம் வாரத்துக்கு 1 ஷில்லிங், கூட்டத்துக்கு வந்தாலும் சரி வராட்டியும் சரி. கவனிச்சியா, வராட்டியும் சரி. மொத நாளே ஆளுங்களப் பத்தித் தெரிஞ்சி வச்சிருக்காங்க. தெரிஞ்சி இன்னா பண்ண? பதினஞ்சி வருசம் போறதுக்குள்ள பாக்கி மலையாக் குவிஞ்சிடிச்சி. பிரபு, டாக்டரு, பாதிரி, எல்லாரும் பாக்கி. 1674-ல வருசத்துக்கு 52 ஷில்லிங் கட்டறேன்னு பத்திரமே எழுதி வாங்கலாம்னு வக்கீல வச்சிப் பேசினாங்க. வானத்துல கோளு எப்பிடிச் சுத்துதுன்னு கண்டுபுடிக்கிற கூட்டம், ஷில்லிங்கு எங்க சுத்துதுன்னு தெரியாம முழிச்சிது.

அந்தக் கூட்டத்துல நியூட்டனும் ஒரு ஆளு. 1672-ல சேந்தாரு. மறு வருசமே செயலாளரு ஓல்டன்பர்க்குக்குக் கடுதாசி எழுதறாரு: நான் தூரத்துல இருக்கேன், கூட்டத்துக்கு வர முடியல, என் பேர எடுத்துடுங்க. ஓல்டன்பர்க்கு விவரமான ஆளு. ஐயையோ போயிடாதீங்கன்னு அழல, விதிய எடுத்துக்காட்டி மெரட்டவும் இல்ல. சந்தாவ வேணா விட்டுடச் சொல்றன், நீங்க இருங்கன்னாரு. 1675 ஜனவரியில அப்பிடியே தீர்மானம் போட்டு நியூட்டனுக்கு வாரக் காசு வேணாம்னுட்டாங்க. கேம்பிரிட்ஜில வருசத்துக்கு 100 பவுண்டு வாங்கின வாத்தியாரு அவரு. குருப்பட்டம் வாங்காட்டி காலேஜு ஃபெலோ பதவி போயிடும்ங்கற கலக்கத்துல அப்ப இருந்தாராம், அதையும் சொல்லிடணும்.

இதுல வேடிக்க இன்னா தெரியுமா? ஒரு ஷில்லிங்கு கட்ட முடியாதுன்னு விலக்கு வாங்கின அதே மனுசனை 1696-ல நாட்டுக்கே ஷில்லிங்கு அடிக்கிற நாணயச் சாலைக்கு அதிகாரியாப் போட்டாங்க. 1703-ல அந்தச் சொசைட்டிக்கே தலைவரு ஆனாரு, 1727-ல சாவுற வரைக்கும் எறங்கல. ஓல்டன்பர்க்கு அன்னிக்கு ரெண்டரை பவுண்டுக் கணக்குப் பாத்திருந்தா அந்த ஆளு நழுவியிருப்பாரு. அதனால ஒன் பட்டியல்ல எவன் வேலை செய்யறான், எவன் வெறும் பேரு போட்டுக்கறான்னு மொதல்ல பிரி. திண்டிவனம் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு மாசா மாசம் கல்வெட்டுப் படி எடுத்து அனுப்பறாருன்னியே, அவருக்கும் நினைவூட்டுக் கடுதாசி போட்டிருக்க பாரு! அவரு கேக்கறதுக்கு முன்னாடி நீயே விலக்கு குடு. தீர்மானம் போட்டுக் குடு, தயவு பண்ணின மாதிரி குடுக்காத.

இப்ப நம்ம ஆளுங்களுக்குப் புடிச்ச கதைக்கு வர்றன். அந்தச் சொசைட்டி 1686-ல ஒரு புத்தகம் போட்டுது. எதப் பத்தின்னு நெனைக்கிற? மீனப் பத்தி! வில்லபின்னு ஒருத்தரு எழுதி வச்சிட்டுச் செத்துட்டாரு, அவரு சிநேகிதரு ஜான் ரேன்னு ஒருத்தரு முடிச்சாரு. லத்தீன்ல, பக்கம் பக்கமாத் தாமிரத் தகட்டுல செதுக்கின படம். அப்ப தலைவரா இருந்த பெப்பீசுங்கறவரு கப்பல் படை இலாகாக்காரரு, படச் செலவுக்குத் தன் கைக்காசு 50 பவுண்டு போட்டாரு. புத்தகம் வந்துச்சி. வெலை போவல. மீன் நாறினா ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும், கருவாடாவாவது போடுவோம். புத்தகம் விக்காட்டி அலமாரியில கெடந்து வருசக்கணக்கா மொறைக்கும்.

அந்த நேரம் பாத்து நியூட்டன் தன் பெரிய புத்தகம் பிரின்சிப்பியாவ எழுதி முடிக்கிறாரு. ஒலகத்தையே பொரட்டிப் போட்ட புத்தகம். சொசைட்டி அச்சுக்கு ஏத்தலாம்னு தீர்மானம் போட்டுது, பெட்டியத் தொறந்தா காத்து. இருந்த காசு மீனுக்குப் போயாச்சி, வர வேண்டிய சந்தா வரவே இல்ல. கடைசியில சொசைட்டிக்குக் குமாஸ்தாவா இருந்த எட்மண்டு ஹாலி, அதான் வால் நட்சத்திரத்துக்குப் பேரு குடுத்தவரு, தன் கைக்காசப் போட்டு 1687-ல அச்சடிச்சாரு. நல்லது பண்ணினவனுக்கு இன்னா கூலி? அவருக்கு வர வேண்டிய 50 பவுண்டு சம்பளத்துக்குப் பதிலா அந்த மீன் புத்தகத்துல 50 பிரதிய எடுத்துக்கன்னு தீர்மானம் போட்டாங்க!

நம்ம கரையில கூலிக்கு மீனு குடுக்கறது உண்டு. மீன் படம் குடுத்தவன் அந்த வெள்ளக்காரன் ஒருத்தன்தான். சங்கரா கேட்டா சங்கரா படத்தக் குடுத்தனுப்பினா ஒங்க பாட்டி ஒலையிலயா போடுவா? பொருளாளருன்னு ஒருத்தன் ஒழுங்கா இல்லாட்டி சங்கத்துல உண்மையா ஒழைக்கிறவன் கதி இதுதான். ஒன் கழகத்துல இதழு தைக்கிற பையனுக்கு நாலு மாசமாக் கூலிக்குப் பதிலாப் பழைய மாநாட்டு மலரு குடுத்துனு இருக்கீங்கன்னு கேள்விப்பட்டன்.

அவ்ளோ தூரம் போவானேன், நம்ம ஜில்லாவுக்கே வா. பழைய தென்னாற்காட்டுல நம்ம மரக்காணமும் இருந்துது, திருக்கோவிலூரும் இருந்துது. அந்தத் திருக்கோவிலூருல டெபுடி கலெக்டரா இருந்தவரு வி. இராமசாமி ஐயரு. அங்க வர்றதுக்கு முன்னாடி, குத்திங்கற ஊருல வேலை பாக்கறப்ப, 1906 டிசம்பர் 25-ம் தேதி சிநேகிதங்களுக்கு ஒரு கடுதாசி எழுதினாரு. இந்தியக் கணிதச் சங்கம்னு இன்னிக்கு இருக்கறது அந்தக் கடுதாசியில பொறந்தது. அதுல ஒன்ன மாதிரி விழையல. புத்தகம் இல்லாம கணக்குல ஒலகம் எங்க போவுதுன்னே நமக்குத் தெரியல, ஒரு சங்கம் சேந்தா வெளிநாட்டு ஏடு வாங்கலாம், வருசத்துக்கு 25 ரூபா, அர டசன் பேரு கெடச்சாலே ஆரம்பிச்சிடலாம். முடிஞ்சிது விசயம். இன்னா கொறை, எவ்ளோ காசு, எத்தினி பேரு. மூணும் இருக்குது. வரி வசூல் இலாகா ஆளு இல்லியா, கேக்கத் தெரிஞ்சிருக்குது.

25 ரூபா அப்ப இன்னா காசுன்னு கேளு. அஞ்சி வருசம் கழிச்சி, 1912-ல, சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தா வேலைக்குச் சேந்த கணக்கு மேதை ராமானுஜனுக்கு மாசச் சம்பளம் 30 ரூபா. ஒரு குமாஸ்தாவோட மாசச் சம்பளத்துக்குப் பக்கமா வருசச் சந்தா! ஆனாலும் 1907-ல இருவது பேரு சேந்துட்டாங்க. ஏன் சேந்தாங்க? குடுத்த காசு ஏடாவும் புத்தகமாவும் தபால்ல அவங்கவங்க வூட்டுக்கு வந்துச்சி. படிச்சிட்டு அடுத்த ஆளுக்கு அனுப்பணும். கடைசியாப் போயிச் சேர்ற எடம் பூனா ஃபெர்குசன் காலேஜு. பணம் போன வழி கண்ணுக்குத் தெரிஞ்சிது. ஒன் சங்கத்துல 300 ரூபா கட்டினா இன்னா வருது? பொன்னாடை போத்தற படம் வாட்சப்புல வருது. அதுலயும் கட்டினவன் இல்ல, பாக்கி வச்சவனுக்குத்தான் பொன்னாடை.

அந்த இராமசாமி ஐயரத் தேடித்தான் 1910 வாக்குல ராமானுஜன் திருக்கோவிலூருக்கு நோட்டுப் புத்தகத்தத் தூக்கினு வந்தாரு, தாலுக்கா ஆபீசுல ஏதாச்சும் குமாஸ்தா வேலை கேட்டு. நோட்டப் புரட்டின மனுசன் வேலை குடுக்கல. இவனப் போயி இந்த இலாகாவுல அடச்சி வைக்கிறதான்னு சிபாரிசுக் கடுதாசி குடுத்துச் சென்னைக்கு அனுப்பினாரு. அது கையி மாறி நெல்லூரு கலெக்டரு ராமச்சந்திர ராவுகிட்ட போயி நின்னுது. அவரு மாசம் 25 ரூபா மணியார்டர் அனுப்பினாரு. சங்கத்துக்கு வருசம் 25 குடுக்கற கூட்டத்துலேர்ந்துதான் ராமானுஜனுக்கு மாசம் 25 வந்துது. சந்தாப் புத்தகம்னா சும்மா இல்லடா, அதுல இருக்கற பேருங்கதான் ஒன் சங்கத்துக்கு ஆள் அம்பு.

ஒனக்கு முன்னோடி ஒருத்தரு உண்டு, அவரு பேர ஒன் மேசை மேல எழுதி வச்சிக்க: எஸ். நாராயண ஐயரு. துறைமுகத்துல தலைமைக் கணக்கரு, ராமானுஜனுக்கு மேலதிகாரி, அந்தக் கணிதச் சங்கத்துக்குப் பொருளாளரு. பகல்ல கப்பலுக்குக் கணக்கு, ராத்திரி ராமானுஜன்கூட உக்காந்து சிலேட்டுல கணக்கு. அவரு ராமானுஜன்கிட்ட ஒண்ணு சொல்லுவாராம்: நீ ஒரு அடியிலேர்ந்து அடுத்த அடிக்குத் தாவிடற, நடுவுல பத்து அடி எழுதிக் காட்டு, எனக்கே புரியலன்னா மத்தவங்களுக்கு எப்பிடிப் புரியும்? அந்தப் பெரிய மூளைக்கே அப்பிடி. நீ 'நிதி நெருக்கடி'ன்னு ஒரே தாவாத் தாவியிருக்க. அச்சுக்கு எவ்ளோ, தபாலுக்கு எவ்ளோ, மண்டப வாடகைக்கு எவ்ளோ, கையில எவ்ளோ. நடுவுல இருக்கற பத்து அடிய எழுது.

இன்னொண்ணும் கவனி. எல்லாருக்கும் ஒரே ரேட்டுன்னு எந்த சாமி சொல்லிச்சி? பாரதி நடத்தின 'இந்தியா' பத்திரிகையில சர்க்காருக்கு ஒரு சந்தா, ஜமீன்தாருக்கு ஒரு சந்தா, வருமானம் உள்ளவனுக்கு ஒண்ணு, சாமானியனுக்கு ரொம்பக் கொறைச்சலா ஒண்ணு. எந்தச் சர்க்காரத் திட்டி எழுதினாரோ அந்தச் சர்க்காருக்குத்தான் எல்லாத்தையும் விட ஒசந்த வெலை! அந்தக் குசும்புல கால்வாசி இருந்தா ஒன் சங்கம் பொழைச்சிக்கும்.

இப்ப நம்ம ஊரு வழக்கத்தச் சொல்றன். அம்மன் திருவிழான்னா தலைக்கட்டு வரி. கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு. தாலி அறுத்தவளுக்கு வரி கெடையாது, அவ கேக்கவும் வேணாம். கடுதாசி உண்டா? கெடையாது. பஞ்சாயத்தாரு ரெண்டு பேரு வூட்டு வாசல்ல வந்து நின்னு தொகையச் சொல்லுவாங்க. குடுத்தவன் பேரு மைக்குல போவும். குடுக்காதவன் பேரு மைக்குல போவாது, அது போவலங்கறது ஊருக்கே கேக்கும். ஊருல ஒருத்தன் வரி நிக்குதுன்னா அவன் வூட்டு நல்லது கெட்டதுல பஞ்சாயத்து நிக்காதுங்கறது எல்லாருக்கும் தெரியும். ஒங்க படிச்சவங்களுக்கு அந்தப் பயம் இல்ல. பாக்கி வச்சாலும் மேடையில எடம், மாலை, மைக்கு.

பயம் வைக்க ஒங்களுக்கும் வழி உண்டு. 1860-ம் வருசத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தோட 15-ம் பிரிவப் படிச்சிப் பாரு. மூணு மாசத்துக்கு மேல சந்தா பாக்கி வச்சவன் ஓட்டுப் போட முடியாது, உறுப்பினருன்னு கணக்குலயும் வர மாட்டான். இப்ப தமிழ்நாட்டுல 1975 சட்டம் ஓடுது, அதனால ஒன் சங்கத்துத் துணைவிதியில இன்னா எழுதியிருக்குதுன்னு பாத்துக்க. அப்பிடி ஒரு வரி இருந்தா ஒன் செயற்குழுவுல எத்தினி பேரு மிச்சம் நிப்பாங்கன்னு எண்ணிப் பாரு. நீ எண்ணினன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியட்டும், போதும்.

ஆயுள் உறுப்பினருன்னு ஒரு வகை வச்சிருக்கீங்களே, அதுதான் பெரிய ஓட்டை. 1985-ல 250 ரூபா கட்டினவரு இன்னிக்கும் இதழு வரலன்னு சண்டை போடறாரு. நாப்பது வருசத் தபால் செலவ யாரு தர்றது? அவரு ஆயுசு கெட்டி, சாமி குடுத்தது, நாம ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா அந்த ஆயுள் பணத்த வைப்பு நிதியில போட்டு வட்டிய மட்டும் எடுத்திருக்கணும். ஒனக்கு முந்தினவங்க மொதலையே எடுத்து வெள்ளி விழாவுக்குச் சாப்பாடு போட்டிருக்காங்க. இனிமே ஆயுள் சந்தான்னு எவனாவது காச நீட்டினா அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு தொறந்துட்டுத்தான் கைய நீட்டணும்.

எப்பக் கேக்கறதுன்னு ஒண்ணு இருக்குது. நம்ம அளத்துப் பாத்தியில உப்பு கட்டறதுக்கு முன்னாடி வாரினா சேறுதான் வரும், கட்டினப்பறம் நாளைக்கு வாரிக்கலாம்னு தூங்கினா மழை அடிச்சினு போயிடும். நீ தீபாவளிக்கு மொத நாளு கடுதாசி போட்டிருக்க. வருசக் கூட்டத்து அன்னிக்குக் காலையில கேளு. சாப்பாட்டு டோக்கனையும் ரசீதுப் புத்தகத்தையும் ஒரே மேசையில வை, நீ அந்த மேசைய விட்டு எழுந்திரிக்காத. டோக்கன் வேணுமான்னு கேக்கறதுக்கு முன்னாடி, ஐயா ரசீது எழுதட்டுமான்னு கேளு. பிரியாணி வாசனை மிச்சத்தப் பாத்துக்கும்.

அதுக்கும் மசியாதவங்களுக்கு ஒரு வேலை சொல்றன், நான் சொன்னன்னு சொல்லாத. மூடின கவர்ல போடாத. 50 காசுக்குப் போஸ்ட் கார்டு வாங்கு. 'தங்கள் சந்தா பாக்கி மூன்று வருடம், ரூ. 900'னு பெரிய எழுத்துல எழுதிப் போடு. தபால்காரரு படிப்பாரு. வூட்டுல மருமவ படிப்பா. சாயங்காலம் டைனிங் மேசையில பேரன் சத்தமாப் படிப்பான். பேராசிரியரு அதுலயும் ஒற்றுப்பிழை திருத்துவாரு, திருத்தட்டும், காச அனுப்பிட்டுத் திருத்துவாரு.

எடு பேனாவ, மாதிரிக்கு ஒண்ணு சொல்றன்.

'ஐயா, வணக்கம். வருடச் சந்தா 300 ரூபாய். நீங்கள் மூன்று வருடம் கட்டவில்லை, 900 ரூபாய். இந்தப் பணத்தில் அடுத்த இதழை அச்சிட வேண்டும். மரக்காணம் பூமீஸ்வரர் கோயில் சோழர் கல்வெட்டுகளைப் பற்றிய கட்டுரை அதில் வருகிறது. மாதக் கடைசிக்குள் பணம் வந்தால் இதழ் வரும். கட்ட முடியாத நிலை என்றால் ஒரு வரி எழுதுங்கள், விலக்குக் கொடுக்கிறோம். கணக்கு மறுபக்கம்.'

அவ்ளோதான். மறுபக்கம் நெசமாவே கணக்கு இருக்கணும், தலைவரு படம் இருக்கக் கூடாது. 'விலக்கு'ன்னு போட்டது எதுக்குத் தெரியுமா? நெசமா முடியாதவன் மானத்தோட எழுதுவான். முடிஞ்சவன் அந்த வரியப் படிச்சிட்டு, நம்மள ஏழைன்னு நெனச்சிட்டானே இந்தப் பொடியன்னு கோவத்துல அன்னிக்கே கட்டிடுவான்.

தலைவருக்கு மட்டும் கடுதாசி வேணாம். அவரு பாக்கிதான் பட்டியல்ல பெருசுன்னு எனக்குத் தெரியும். நேருல போ. வஞ்சிரம் ரெண்டு துண்டு வாங்கினு போ, சந்தாவப் பத்திப் பேசவே பேசாத. வரப்ப, ஐயா ரசீதுப் புத்தகத்துல மொதப் பேரு ஒங்க பேரா இருந்தா மத்தவங்க தன்னால கட்டுவாங்கன்னு செயலாளரு சொல்றாருன்னு சொல்லு. செயலாளரு பாக்கியும் அப்பிடியே வந்துடும், அவருகிட்ட போயி தலைவரு சொல்றாருன்னு சொன்னா.

கெளம்பிட்டியா? உக்காரு. ஒனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு ஆடி போயிடிச்சி. நீ விழுப்புரத்துல இருந்தாலும் இந்த ஊருல ஒரு தலைக்கட்டு. ரெண்டு வருசத்து வரி நிக்குது, பஞ்சாயத்தாரு என்னத்தான் கேக்கறாங்க. வசதியான பொழுதுல கட்டறன்னு எழுத்து நடையில பதில் சொல்லிடாத. போன்ல போடறதெல்லாம் நமக்குச் சரிப்படாது, நோட்டா எடு. ரசீதுப் புத்தகம் பரண்மேல இருக்குது, நீயே ஏறி எடுத்துக் குடு, எனக்கு முட்டி வலி.